கைநாட்டும் பட்டமும்

இதழ் இந்த முறையும் தாமதம். காகித விலை, அச்சகப் பாக்கி என்று வழக்கமான காரணங்களைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. தலையங்கம் எழுதும் முறை இந்தத் தடவை என்னுடையது. வேறொரு விஷயத்தை எழுதுவதாக ஆசிரியர் குழுவில் பேசி முடித்திருந்தோம். எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. அதைத் தள்ளிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன். தோழர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் அரசு வங்கியொன்றில் குமாஸ்தா. போன மாதம் மேலாளர் என் மேசையில் ஒரு பட்டியலை வைத்தார். வராக்கடனாகிப்போன கல்விக்கடன் கணக்குகள், நாற்பத்திரண்டு. எல்லோருக்கும் நோட்டீஸ் அடிக்க வேண்டும். அடித்துக்கொண்டே வந்தேன். பதினேழாவது பெயரில் விரல் நின்றுவிட்டது. எங்கள் காலனி. நகராட்சியில் துப்புரவு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் எனக்கு மாமா. வங்கிக்கு வந்தால் மட்டும் என்னை 'சார்' என்பார். வேண்டாம் என்று எத்தனை முறை சொன்னாலும், "இங்க அப்படித்தாம்பா கூப்புடணும், நாலு பேரு பாக்கறாங்க இல்ல" என்று அதையும் மெதுவாகச் சொல்வார்.

2013இல் மகனைக் கூட்டிக்கொண்டு வந்தார். பொறியியல் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்தவன் நான். "கைநாட்டு வெச்சா வம்பு ஒண்ணும் வராதே சார்?" என்று கேட்டார். "ஒண்ணும் வராது மாமா. படிச்சி முடிச்சி வேலைக்குப் போனா அவனே கட்டிடுவான்" என்றேன். மை தோய்த்த அவர் கட்டை விரலைப் பிடித்து, எங்கெங்கே வைக்க வேண்டுமோ அங்கெல்லாம் நானே வைத்தேன். அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. சேரியிலிருந்து ஒரு பொறியாளன் வரப் போகிறான், அதில் நம் கையும் இருக்கிறது என்ற பெருமை.

உதவித்தொகை இருக்கும்போது இவருக்கு எதற்குக் கடன் என்று கேட்பீர்கள். மெட்ரிக் படிப்புக்கு மேல் படிக்கும் நம் பிள்ளைகளுக்கான உதவித்தொகை 1944 முதல் இருக்கிறது. 2012 செப்டம்பரில் தமிழக அரசு 92ஆம் எண் அரசாணையைப் போட்டு, சுயநிதிக் கல்லூரிகளின் கட்டாயக் கட்டணத்தையும் நமக்காகச் செலுத்துவதாகச் சொன்னது. எல்லாம் சரி. ஆனால் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். மாமாவுக்கு வேலை நிரந்தரம் ஆகியிருந்தது. சாக்கடைக்குள் இறங்கி இருபது வருடம் கழித்து நிரந்தரம் ஆன வேலை. வருமானம் எல்லையை ஆறாயிரம் ரூபாய் தாண்டிவிட்டது. அந்த ஆறாயிரத்துக்காக நான்கு வருடப் படிப்பின் முழுச் செலவும் அவர் தலையில் விழுந்தது. 2013இல் வைத்த இந்த 2.5 லட்சம் வரம்பை, 2020 டிசம்பரில் திட்டத்தையே மாற்றி எழுதியபோதும் அப்படியே வைத்திருந்தார்கள். நடுவில் ஏழு வருடம் ஓடியிருக்கிறது. அரிசி விலை ஏறியது, பேருந்துக் கட்டணம் ஏறியது, கல்லூரிக் கட்டணம் ஏறியது. நம்முடைய ஏழ்மைக்கான அளவுகோல் மட்டும் ஏறவில்லை.

கணக்கைப் பாருங்கள். வருடத்துக்கு 70,000 வீதம் நான்கு வருடத்துக்கு 2,80,000 கடன். வட்டி 12 சதவீதம். படிக்கும் காலத்திலும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம். ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். முதல் வருடப் பணத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாம் வருடப் பணத்துக்கு நான்கு வருட வட்டி என்று கூட்டினால் 1,17,600. தவணை தொடங்கும் நாளில் கடன் 3,97,600 ஆகிவிடுகிறது. பத்து வருடத்தில் அடைக்க மாதம் 5,700 ரூபாய்க்குச் சற்று மேல் கட்ட வேண்டும். மொத்தம் 6,84,000 சொச்சம். பையனுக்குக் கிடைத்த வேலை ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில், ஒப்பந்தத்தில், மாதம் 11,000. அறை வாடகை, சாப்பாடு போக மாதம் மூவாயிரம் வீதம் பதினான்கு மாதம் கட்டினான். ஒப்பந்தம் முடிந்தது. பிறகு கொரோனா வந்தது. வட்டிக்கு மேல் வட்டி சேர்ந்து அந்தக் கடன் இன்று 8 லட்சத்தைத் தாண்டி நிற்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் என் கை ஓடாததற்குக் காரணம்.

2009-10 முதல் மத்திய அரசின் வட்டி மானியத் திட்டம் ஒன்று உண்டு. தொழிற்கல்வி படிக்கும் பிள்ளையின் குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிப்புக் காலத்துக்கும் அதன்பின் உள்ள சலுகைக் காலத்துக்கும் ஆன வட்டியை அரசே வங்கிக்குக் கொடுத்துவிடும். மாமாவின் வருமானம் அந்த எல்லைக்குள் வசதியாகவே இருந்தது. வட்டாட்சியரின் வருமானச் சான்றை வாங்கிக் கோப்பில் வைத்தவன் நான். அதைக் கணினியில் ஏற்றி மானியம் கேட்க வேண்டியது கிளையின் வேலை. அந்த வருடம் மேலாளர் மாறினார். அதிகாரி பணியிடம் ஒன்று காலி. கடைசித் தேதி போய்விட்டது. அடுத்த வருடமும் யாரும் அந்தக் கோப்பைத் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அந்த 1,17,600 ரூபாய் அந்தக் குடும்பத்தின் தலையில் ஏறியிருக்கவே கூடாத பணம். அதற்குத்தான் இன்று வட்டி மேல் வட்டி. அதைக் கேட்டுத்தான் நான் நோட்டீஸ் அடிக்கிறேன். "ஒண்ணும் வராது மாமா" என்று சொன்ன அதே வாய், "பதினைந்து தினங்களுக்குள் செலுத்தத் தவறினால்" என்று எழுதுகிறது.

இது ஒரு குமாஸ்தாவின் மறதி என்று முடித்துவிடலாம். முடிக்க எனக்கு ஆசைதான். ஆனால் நகைக்கடன் ஏல நோட்டீஸ் எங்கள் கிளையில் ஒருநாளும் மறந்துபோனதில்லை. வசூலிக்க வேண்டியது மறப்பதில்லை, கொடுக்க வேண்டியதுதான் மறக்கிறது. யாருக்குக் கொடுக்க வேண்டியது மறக்கிறது என்று பார்த்தால், சாதி வந்து நிற்கிறது.

1927 மார்ச்சில் பம்பாய் சட்டமன்றத்தில் அம்பேத்கர் எழுந்து ஒரு கணக்குச் சொன்னார். கலைக் கல்லூரிகளுக்கு ஆகும் செலவில் ஏறத்தாழ 36 சதவீதம், உயர்நிலைப் பள்ளிகளின் செலவில் ஏறத்தாழ 31 சதவீதம் மாணவர்கள் கட்டும் கட்டணத்திலிருந்தே எடுக்கப்படுகிறது, இது கல்வியை வணிகமாக்குவது என்றார். தலைக்கு 14 அணா கல்விக்குச் செலவழிக்கும் அரசு, கள்ளு சாராய வரியாகத் தலைக்கு 2 ரூபாய்க்கு மேல் வசூலிக்கிறதே, வாங்குகிற அளவுக்காவது திருப்பிக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டார். கிட்டத்தட்ட நூறு வருடம் ஆகப் போகிறது. 36 சதவீதத்தையே வணிகம் என்றார் அவர். இன்று சுயநிதிக் கல்லூரியில் முழுச் செலவும் மாணவன் தலையில், அதற்கு மேல் முதலாளியின் லாபமும் அவன் தலையில். சாராய வரியை வசூலிக்க அரசே கடை திறந்து உட்கார்ந்திருக்கிறது.

இது ஒரே நாளில் வந்ததல்ல. 1984-85 வாக்கில் தமிழகத்தில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவு திறந்தார்கள். 1992இல் நன்கொடை வசூலைத் தடை செய்யும் சட்டம் வந்தது. ரசீது இல்லாத பணம் மட்டும் நிற்கவில்லை. 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் உச்சநீதிமன்றம் இலவச இடம், கட்டண இடம் என்று ஒரு முறையைக் கொண்டுவந்தது. 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் அந்த முறையை அதே நீதிமன்றம் கலைத்தது. 2005இல் இனாம்தார் வழக்கில், அரசு உதவி பெறாத கல்லூரிகளில் இடஒதுக்கீட்டை அரசு திணிக்க முடியாது என்றது. அதைத் தாண்டுவதற்கு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இடையில் 2000ஆம் ஆண்டில், கல்வியை எப்படிச் சீர்திருத்துவது என்று பிரதமரின் குழுவுக்கு அறிக்கை கொடுத்தவர்கள் யார் தெரியுமா? பிர்லாவும் அம்பானியும். படிக்கிறவனே உயர்கல்விக்குப் பணம் கட்டட்டும், இல்லாதவன் கடன் வாங்கட்டும் என்பது அதன் சாரம். மறுவருடமே, 2001இல், வங்கிகளின் மாதிரிக் கல்விக்கடன் திட்டம் வந்துவிட்டது.

கடன் சாதி பார்ப்பதில்லை என்று எங்கள் வங்கியில் சொல்வார்கள். விண்ணப்பத்தைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். மாமா கடன் வாங்கிய 2013இல் 4 லட்சம் வரை பிணை கேட்கவில்லை. 7.5 லட்சம் வரை வேறொருவர் ஜாமீன் போட வேண்டியிருந்தது. அதற்கு மேல் போனால் சொத்துப் பிணை. இதில் சாதி எங்கே வந்தது என்று கேட்கலாம். சொத்து என்றால் நிலம். 1892இல் வெள்ளையர் அரசு நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. அது இன்று யார் பட்டாவில் இருக்கிறது? அதைத் திருப்பிக் கேட்டதற்காக 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூடு நடந்தது. காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்களைப் பறிகொடுத்தோம். நிலத்தைப் பிடுங்கியவன் பிள்ளை அந்த நிலத்தைப் பிணை வைத்து மருத்துவம் படிக்கிறான். பிடுங்கப்பட்டவன் பிள்ளை பிணையில்லாக் கடனுக்குள் எந்தப் படிப்பு அடங்குமோ அதைப் படிக்கிறான்.

கடன் கொடுக்கும்போது மட்டுமா? திருப்பிக் கட்டும்போதுதான் சாதி முழுசாக வெளியே வருகிறது. படித்தால் வேலை, வேலை கிடைத்தால் சம்பளம், சம்பளத்தில் தவணை. கல்விக்கடனின் அடிப்படையே இந்த நம்பிக்கைதான். ஒரே கல்லூரி, ஒரே பட்டம். ஒருவனுக்கு மாமா கம்பெனியில் இருக்கிறார், சித்தப்பா பெங்களூரில் அறை கொடுக்கிறார், நேர்முகத் தேர்வில் ஊர்ப் பெயர் கேட்டால் தெருப் பெயர் வரைக்கும் தைரியமாகச் சொல்ல முடிகிறது. இன்னொருவனுக்கு இதில் ஒன்றும் இல்லை. தனியார் நிறுவனங்களில் இடஒதுக்கீடும் இல்லை. வட்டி மட்டும் இருவருக்கும் ஒன்றே. சமமற்றவர்கள் மேல் சமமான வட்டி போடுவதற்குப் பெயர் சமத்துவம் அல்ல.

இதை அம்பேத்கர் தன் உடம்பில் அனுபவித்தவர். பரோடா மன்னரின் உதவியில் 1913இல் கொலம்பியாவுக்குப் போனார். படித்து முடித்துப் பத்து வருடம் பரோடா அரசில் வேலை செய்வதாக ஒப்பந்தம். 1917இல் ஒப்பந்தத்தை நிறைவேற்ற வந்தவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பெயரை மாற்றிச் சொல்லிப் பார்சி விடுதியில் தங்கினார். கம்போடு வந்து நின்றார்கள். வெளியேற வேண்டியதாயிற்று. வாங்கியதைத் திருப்பிச் செலுத்த அவர் தயாராகத்தான் இருந்தார். செலுத்தவிடாமல் செய்தது சாதி. எங்கள் பட்டியலில் உள்ள நாற்பத்திரண்டு பேரையும் 'வேண்டுமென்றே கட்டாதவர்கள்' என்று அலுவலகத்தில் பேசும்போதெல்லாம் எனக்கு அந்தப் பார்சி விடுதிதான் ஞாபகத்துக்கு வருகிறது.

மாமாவின் மகன் இப்போது வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவன். தேர்வு அறிவிப்பை முழுக்கப் படித்துவிட்டு விண்ணப்பம் போடாமலே வைத்துவிட்டான். கடனைக் கட்டத் தவறியவர்கள், சிபில் அறிக்கையில் பெயர் கெட்டவர்கள் வங்கி வேலைக்குத் தகுதியற்றவர்கள் என்று அதில் போட்டிருக்கிறது. வேலை இல்லாததால் கடனைக் கட்டவில்லை, கடனைக் கட்டாததால் வேலை இல்லை. ஆதிதிராவிடர் நல விடுதியில் புழு நெளியும் சோற்றைத் தின்றுகொண்டு உதவித்தொகையில் படித்தவன் நான். பட்டம் வாங்கியபோது என் தலையில் ஒரு ரூபாய் கடன் இல்லை. அதனால்தான் கவுண்ட்டருக்கு இந்தப் பக்கம் உட்கார முடிந்தது. ஒரு பத்து வருடம் கழித்துப் பிறந்திருந்தால் நானும் அந்தப் பட்டியலில் பதினெட்டாவது பெயராக இருந்திருப்பேன்.

நம் பிள்ளைகள் எவ்வளவு பணத்துக்காகத் தடுக்கப்படுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூனில், உத்தரப்பிரதேசம் முசாபர்நகர் பக்கத்துத் தலித் மாணவன் ஒருவன், தினக்கூலியின் மகன், தன்பாத் ஐ.ஐ.டி.யில் இடம் பிடித்தான். 17,500 ரூபாயை ஊரில் திரட்டி முடிப்பதற்குள் மாலை ஐந்து மணி ஆகிவிட்டது. இடம் போயிற்று. அந்த வருடத் தேர்வை நடத்தியது சென்னை ஐ.ஐ.டி. என்பதால் சென்னை உயர்நீதிமன்றத்துக்கும் அலைந்தார்கள். கடைசியில் செப்டம்பர் 30ஆம் தேதி உச்சநீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி இடம் கொடுத்தது. ஒருவனுக்கு நீதிமன்றம் கிடைத்தது. 2016 ஜனவரியில் ஐதராபாத்தில் ரோகித் வெமுலா தன் கடைசிக் கடிதத்திலும் கணக்குத்தான் எழுதிவைத்தார். வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை 1.75 லட்சம், அதிலிருந்து நண்பருக்குத் திருப்பித் தர வேண்டிய 40 ஆயிரம். அதே வருடம் ஜூலையில் மதுரையில் ஒரு கூலித் தொழிலாளியின் மகன், பொறியியல் படித்தவன், கல்விக்கடனை வங்கி தனியார் வசூல் நிறுவனத்துக்குக் கைமாற்றிவிட்ட பிறகு அவர்கள் கொடுத்த நெருக்கடியில் உயிரை விட்டான். கடன் கொடுத்தது மக்கள் வங்கி. வாசலில் வந்து நின்றது எவனோ.

பெரிய இடத்துக் கணக்கு வேறு. 2014-15இல் தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து எழுதி நீக்கிய வராக்கடன் 14.56 லட்சம் கோடி என்று 2023இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. அதில் பாதிக்கு மேல், 7.41 லட்சம் கோடி, பெரும் தொழில்களுக்கும் சேவைகளுக்கும் கொடுத்தது. எழுதி நீக்குவது வேறு, தள்ளுபடி வேறு, வசூல் தொடரும் என்பார்கள். வங்கிக்காரனான எனக்கும் அது தெரியும். ஆனால் பெரிய கடனாளியின் வீட்டு வாசலில் நின்று, தெரு கேட்கச் சத்தம் போட்டு யாரும் வசூலித்து நான் பார்த்ததில்லை. எங்கள் காலனியில் பார்த்திருக்கிறேன்.

படியாள் முறையில் அப்பன் வாங்கிய கடனுக்குப் பிள்ளை ஏர் பிடித்தான். 1976இல் கொத்தடிமை முறையைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். இப்போது பிள்ளை வாங்கும் கடனுக்கு அப்பன் கைநாட்டு வைக்கிறான், ஓய்வூதியம் வருகிற கணக்கைப் பார்த்துப் பார்த்துப் பயப்படுகிறான்.

அதற்காகக் கடன் வாங்காதே, படிக்காதே என்று நான் சொல்லப்போவதில்லை. அப்படிச் சொல்ல ஊரில் நிறைய பேர் இருக்கிறார்கள். நாம் கேட்க வேண்டியதைக் கேட்போம். உதவித்தொகைக்கான வருமான வரம்பைக் கூலி உயர்வோடு சேர்த்து உயர்த்த வேண்டும். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவனுக்கு உதவித்தொகை இல்லை என்ற 2018ஆம் ஆண்டு விதி, ஏமாற்றிச் சேர்த்த தரகனை விட்டுவிட்டு ஏமாந்த பிள்ளையைத் தண்டிக்கிறது. அதை மாற்ற வேண்டும். 2020க்குப் பின் மத்திய அரசின் 60 சதவீதப் பங்கு நேராக மாணவன் கணக்குக்கு வருகிறது. கல்லூரிகள் பொய்க்கணக்கில் விழுங்கியதைத் தடுக்க அது தேவைதான். ஆனால் பணம் வந்து சேரும்வரை கட்டணம் கேட்கவோ தேர்வு எழுத விடாமல் தடுக்கவோ கூடாது என்று கல்லூரிகளை யார் கட்டுப்படுத்துவது? வங்கியின் தவறால் மானியம் விட்டுப்போயிருந்தால் அந்த வட்டியை வங்கியே ஏற்க வேண்டும். கல்விக்கடனைத் தனியாருக்கு விற்கக் கூடாது. கல்விக்கடன் பாக்கியைக் காட்டி வேலை மறுக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, அரசுக் கல்லூரிகள் பெருக வேண்டும், தனியார் துறையில் இடஒதுக்கீடு வேண்டும். இவை வந்தால் கடனுக்கே வேலை குறையும். 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்ட புதிய கல்விக்கடன் திட்டம் 860 உயர்தர நிறுவனங்களுக்கு என்றார்கள். நம் பிள்ளைகள் பெரும்பாலும் படிப்பது அந்தப் பட்டியலுக்கு வெளியே.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். இடம் வேண்டும் என்று போராடிய நாம் கட்டணத்தைப் பற்றி அந்த அளவுக்குப் பேசவில்லை. கடன் மேளாக்களில் நம் தலைவர்களும் மேடையேறிக் காசோலை கொடுத்தார்கள். நாமும் கைதட்டினோம். மேளா முடிந்தபின் அந்தப் பிள்ளைகளின் கணக்கை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாமாவின் நோட்டீஸை நான் தபாலில் போடவில்லை. கையில் எடுத்துக்கொண்டு போனேன். மானியம் விட்டுப்போனதையும் அதில் என் பங்கையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அன்னிக்கே சொல்லியிருந்தா நான் வந்து ஒக்காந்திருப்பேனே தம்பி" என்றார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. மறுநாள், மானியம் கேட்கத் தவறியது கிளையின் பிழை, அதில் நானும் பொறுப்பு என்று மேலிடத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இதற்கு எனக்கு மெமோ வரலாம். பணம் திரும்பும் என்ற உறுதி இல்லை. எழுதாமல் இருக்க முடியவில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கல்விக்கடன் வாங்கிய தோழர்கள் தங்கள் கணக்கு அறிக்கையைக் கிளையில் கேட்டு வாங்குங்கள். மானியம் வரவு வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். வருமானச் சான்றைக் கொடுத்தால் பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கடன் இல்லை என்றால் அதை எழுத்தில் கேளுங்கள். படிக்கத் தெரியாவிட்டால் எங்களிடம் கொண்டு வாருங்கள். வரும் மாதத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நம் இரவுப் பாடசாலைக் கட்டடத்தில் நானும் இரண்டு தோழர்களும் உட்கார்ந்திருப்போம். முதல் ஞாயிறு மாமாவின் கணக்கைப் பார்க்கிறோம். அவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.